இதரச் செலவுகள்

மே 30, வெள்ளி

இன்று ஜமுனா மேடத்துக்குப் பணி ஓய்வு விழா. தாவரவியல் துறை, முப்பத்திரண்டு வருட சர்வீஸ். சால்வை ஒன்பது, பழத்தட்டு நான்கு, உரை பதினொன்று. பதினொரு வருடமாக அவர் காரில்தான் நான் கல்லூரிக்குப் போய் வந்தேன். வடவள்ளியிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும், நடுவில் அரை கிலோமீட்டர் நடை.

“இனிமே வசுந்தரா மேடம் எப்படி வருவாங்க?” என்று முதல்வர் மைக்கில் கேட்டுச் சிரித்தார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “கார் வாங்கப் போறேன் சார். நானே ஓட்டிட்டு வருவேன்” என்றேன். கைதட்டினார்கள். இருபத்திரண்டு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். ஆதாரம் இல்லாமல் பொதுவில் பேசியது இதுதான் முதல் முறை.

திரும்பும்போது ஜமுனா மேடம் கேட்டார்.

“நெசமாவா வசு?”

“ஆமா.”

“லைசென்ஸ் இருக்குதா?”

“இருபத்தாறு வருஷமா இருக்கு.”

“சரி, கடைசியா எப்ப ஓட்டுனே?”

பச்சை விளக்கு விழுந்துவிட்டது என்று காட்டினேன். கல்லூரி ஜூன் 16 திறக்கிறது.

ஜூன் 2, திங்கள்

கவுண்டம்பாளையத்தில் ‘திருமூர்த்தி கார் கன்சல்டிங்’. இந்த ஊரில் பழைய கார் விற்கும் இடத்தைக் கன்சல்டிங் என்றுதான் சொல்கிறார்கள். ஆலோசனை ஒன்றும் தருவதில்லை.

தகரக் கூரையின் கீழ் இருபது கார்கள். உரிமையாளர் திருமூர்த்திக்கு ஐம்பத்தைந்து இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் மூன்று பேனா. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“சார் வண்டி நிறுத்தீட்டு வர்றாருங்களா?”

“சார் யாரும் இல்லை.”

“அப்ப யாருக்குங்க மேடம் வண்டி?”

“எனக்கு.”

“ஓட்டறது?”

“நான்.”

“நல்லதுங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

சாம்பல் நிறச் சின்ன வண்டி ஒன்று பிடித்தது. 2015 மாடல், நாற்பத்தாறாயிரம் கிலோமீட்டர், ஒரே ஓனர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. விலை மூன்று லட்சத்து முப்பத்தைந்தாயிரம். பிடித்தது என்பதை முகத்தில் காட்டவில்லை. டயரை உதைத்துப் பார்த்தேன். எல்லாரும் உதைக்கிறார்கள். எதற்கென்று தெரியாது.

ஜூன் 3, செவ்வாய்

வண்டி நன்றாக இருப்பதாக எனக்குத் தெரிந்த மெக்கானிக் பார்த்துச் சொன்னார். விலையும் நியாயம் என்றார். பணத்தோடு போனேன். கடையில் கணக்கு எழுதும் மேகலா ஒரு தாளை அச்சடித்து நீட்டினாள். தலைப்பு ‘இதரச் செலவுகள்’.

பேர் மாற்றம் 8,500. டாக்குமென்டேஷன் 3,000. ஃபைல் சார்ஜ் 1,500. பாலிஷ் 4,500. பார்க்கிங் 900. செக்கப் 2,000. பூஜை 501. டெலிவரி 1,800. கமிஷன் இரண்டு சதவீதம், 6,700. மொத்தம் 29,401.

“இது என்ன?”

“எல்லாருக்கும் உள்ளதுங்க மேடம்” என்றார் திருமூர்த்தி.

“பார்க்கிங் எதுக்கு?”

“வண்டி இங்க நிக்குதல்லீங்க.”

“நான் நிக்கச் சொல்லலையே.”

அவர் மேகலாவைப் பார்த்தார். மேகலா கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“டாக்குமென்டேஷனுக்கும் ஃபைலுக்கும் என்ன வித்தியாசம்?”

“டாக்குமென்டேஷன்னா பேப்பருங்க. ஃபைலுன்னா அந்தப் பேப்பரெல்லாம் வெக்கறதுக்குங்க.”

தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். கொண்டு போன பணத்தை அப்படியே திரும்பக் கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது மனசு லேசாக இருந்தது. அநியாயத்தைக் கண்டுபிடித்ததால் என்று நினைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

வடவள்ளி ஸ்டேஷனரி கடையில் நீல ஃபைல் ஒன்று, பன்னிரண்டு ரூபாய். ரசீது கேட்டு வாங்கினேன்.

ஜூன் 5, வியாழன்

ஃபைலை மேஜைமேல் வைத்தேன்.

“என்னங்க மேடம் இது?”

“ஃபைல். நானே கொண்டு வந்துட்டேன். ஆயிரத்தி ஐநூறை அடிங்க.”

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கிளிப்பு கூட இருக்குதுங்க” என்றார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். அடித்த கையோடு டாக்குமென்டேஷனையும் அடிக்க வைத்தேன். வைக்க இடம் வந்த பிறகு பேப்பரும் என் பொறுப்புதானே என்றேன். அது சரியான வாதமா என்று எனக்கே சந்தேகம். அவர் ஒப்புக்கொண்டார். பார்க்கிங்கையும் செக்கப்பையும் தானே அடித்தார். மெக்கானிக்கை நான் கூட்டி வந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

பாலிஷில் மட்டும் தகராறு.

“பாலிஷ் நான் கேக்கலை.”

“அடிச்சாச்சுங்களே மேடம். சொரண்டியா எடுக்கறது?”

முடிவாகவில்லை. திங்கட்கிழமை வருவதாகச் சொன்னேன். “திங்கக்கெழம என்னுங்க, இப்பவே முடிச்சுர்லாங்” என்றார். அவசரப்படுத்தும் வியாபாரியை நம்பக்கூடாது என்று எங்கோ படித்திருக்கிறேன்.

கிளம்பும்போது மேகலா வாசல் வரை வந்தாள். “மேடம், எல்லாம் கேட்டீங்க. டெஸ்ட் டிரைவ் மட்டும் கேக்கவே இல்லீங்களே?”

ஒவ்வொன்றாகத்தான் கேட்க முடியும்.

ஜூன் 7, சனி

இட்லிக்கு அரைத்தேன். வாஷிங் மெஷின் குழாய் கசிகிறது, கயிறு கட்டியிருக்கிறேன். பீரோவில் ஓட்டுநர் உரிமத்தைத் தேடி எடுத்தேன், ஆறு வருடம் முன் புதுப்பித்தது. ஒரு கீறல் இல்லை, மூலை மடங்கவில்லை. கையில் வாங்கிய அன்று போல இருக்கிறது.

தாரிணி சென்னையிலிருந்து பேசினாள்.

“அம்மா, நீ கார் வாங்கறியா, கார் பத்தி பிஎச்டி பண்றியா?”

“இருபத்தொன்பதாயிரத்தை இருபத்திரண்டாயிரமா குறைச்சிருக்கேன்.”

“சூப்பர். ஓட்டிப் பாத்தியா?”

“குழாய் கசியுது தாரிணி, அப்புறம் பேசறேன்.”

அவள் சிரிப்பது கேட்டது. அவளுக்கு இருபது வயது. விடுதித் தோழியின் வண்டியில் புதுச்சேரி வரை ஓட்டிப் போய் வந்தது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பதினான்காம் தேதி வருகிறாள். வண்டியை அவளே எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். வசதிக்காகத்தான்.

ஜூன் 9, திங்கள்

பேர் மாற்றத்துக்கு அரசாங்கம் வாங்குவது எவ்வளவு என்று தேடிப் பார்த்து, அச்செடுத்து, அடிக்கோடு போட்டுக் கொண்டு போனேன். ஆயிரத்தைத் தாண்டவில்லை.

திருமூர்த்தி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். “கரெக்டுங்க மேடம். நீங்களே போயி மாத்திக்கோங்க. முத நாளு சர்வர் இருக்காது. ரெண்டாவது நாளு ஆபீசர் இருக்கமாட்டாரு. மூணாவது நாளு ரெண்டும் இருக்கும், கையெழுத்து ஒத்துப்போகாது.”

மூன்று நாள் அலைச்சலின் மதிப்பைக் கணக்கிட்டேன். மூவாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. கமிஷன் ஒரு சதவீதம். பூஜையை அடிக்கச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

“நான் பூஜை பண்றதில்லை.”

“அது உங்களுக்கில்லீங்க மேடம், வண்டிக்குங்க.”

“வண்டி கேட்டுச்சா?”

“நீங்க கேள்வி கேக்கறதுக்கு ஒரு சார்ஜு போட்டிருக்கோணுங். விட்டுப்போச்சு” என்று அடித்தார்.

பிறகு அவரே சாவியை எடுத்தார். “வாங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க.”

“நீங்க ஓட்டுங்க. நான் சத்தம் கவனிக்கணும்.”

முன் இருக்கையில் நோட்டோடு உட்கார்ந்தேன். இரண்டாவது கியரில் லேசான முனகல், வேகத்தடையில் பின்பக்கம் ‘டொக்’, ஏசி போட்டதும் விசில். எழுதிக்கொண்டேன். அவர் ஓட்டிக்கொண்டே என் கால்களை ஒரு முறை பார்த்தார். அவர் பிரேக் போடும்போதெல்லாம் நானும் கீழே எதையோ அழுத்திக்கொண்டிருந்தேன். கடைக்குத் திரும்பும் வரை மிக மெதுவாக ஓட்டினார்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. எங்கும் போகவில்லை. மசாலா டப்பாக்களைக் கழுவி வெயிலில்லாமல் காயவைத்தேன்.

2009 மார்ச். அப்போது இருந்த வீட்டில் காரை உள்ளே எடுக்கும்போது கேட்டில் உரசினேன். இடது பக்கக் கதவில் ஒரு கோடு. சரிசெய்ய இரண்டாயிரத்து நானூறு ரூபாய். தாரிணியின் அப்பா சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிறவர் அல்ல. “உனக்கு இதெல்லாம் வராது, விடு” என்று சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். அதற்குப் பிறகு நாலு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். சாவி அங்கேதான் இருந்தது. எனக்கு எட்டும் உயரம்தான்.

இது எதற்கு இங்கே வந்தது என்று தெரியவில்லை. டப்பா கழுவினால் இப்படித்தான்.

ஜூன் 11, புதன்

திருமூர்த்தி போன் செய்தார். பொள்ளாச்சியிலிருந்து ஒரு பார்ட்டி அதே வண்டியைக் கேட்கிறதாம். இதரச் செலவுகள் முழுதும் தரத் தயாராம். நாளைக் காலை வருகிறார்களாம்.

“மேடம், உங்களுக்குன்னுதான் வெச்சிருக்கறேன். பாலிஷும் டெலிவரியும்தான் பாக்கி. வந்து முடிச்சுருங்க.”

பொள்ளாச்சிப் பார்ட்டி. எல்லா வியாபாரியிடமும் ஒரு பொள்ளாச்சிப் பார்ட்டி இருக்கிறது. போன மாதம் புடவைக் கடையில் கூட இருந்தது. “வரட்டும்” என்றேன். வேண்டுமென்றே பதினோரு மணிக்குப் போவேன்.

ஜூன் 12, வியாழன்

பொள்ளாச்சிப் பார்ட்டி உண்மை.

கணவன், மனைவி, பின் இருக்கையில் மாமியார். ஓட்டுநர் இருக்கையில் அந்தப் பெண். முப்பது வயது இருக்கும், பூப்போட்ட சுடிதார். நான் உள்ளே நுழையும்போது வண்டி ஒரு ரவுண்டு போய்த் திரும்பி வந்தது. இரண்டு கார்களுக்கு நடுவில், பின்பக்கமாக, ஒரே முயற்சியில் நிறுத்தினாள். கணவன் வெளியே நின்று போனில் தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தான்.

“பூவாட்டம் ஓடுதுங்க. ரெண்டாவது கியருதான் லேசா முனகுது” என்றாள்.

அதை நான் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறேன். அவள் நடுக்கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அது என் வண்டி” என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். மாமியார் விழித்துக்கொண்டார்.

“அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?” என்றாள் அவள்.

“இப்ப குடுக்கறேன். முழுசும்.”

திருமூர்த்தி அவர்களைப் பார்த்துக் கைகூப்பினார். “மேடம் பத்து நாளா வந்துட்டிருக்காங்க கண்ணு. உங்களுக்கு வேற பாக்கலாங்.” அவள் இறங்கி, கதவை எனக்காகத் திறந்தபடியே பிடித்துக்கொண்டாள். நான் மேஜைப் பக்கம் போய்விட்டேன்.

பாலிஷுக்கு இரண்டாயிரம் என்று முடித்தேன். இந்த முறை பேரம் பேசியது வழக்கத்தால்தான்.

“டெலிவரி மட்டும் அப்படியே விட்டுருங் மேடம்” என்றார் திருமூர்த்தி, குரலைத் தாழ்த்தி. “நம்ம டிரைவரு வீட்டுக்கே கொண்டாந்து நிறுத்தீருவாருங்க. ஆள் கூலிங்க அது. வேற எதுல வேண்ணாலும் கொறச்சுக்கோங்க. இதை மட்டும் வெச்சுக்கலாங்.”

இத்தனை நாளில் அவர் ஒரு வரிக்காகக் கெஞ்சியதில்லை. அந்தப் பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு? எனக்கு ஓட்டத் தெரியும்” என்றேன். அவர் பேனாவை வாங்கி நானே அடித்தேன். தாள் கிழிந்தது.

29,401 இருந்தது 8,850 ஆகிவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி எடுக்க வர வேண்டும். பஸ்ஸில் இடையர்பாளையம் தாண்டிய பிறகுதான் நான் அடித்தது எதை என்று முழுதாகப் புரிந்தது.

ஜூன் 13, வெள்ளி

தாரிணி வரவில்லை. இன்டர்ன்ஷிப் நீட்டித்துவிட்டார்களாம். “நீயே எடுத்துட்டு வாம்மா, ஏழு கிலோமீட்டர்தானே” என்றாள். “அதுதான் திட்டம்” என்றேன்.

திருமூர்த்திக்குப் போன் செய்து ஆயிரத்து எண்ணூறு தருகிறேன் என்று சொல்லலாம். போனை மூன்று முறை எடுத்தேன்.

ஆக்டிங் டிரைவர் ஒருவரின் எண் பால் பூத்தில் ஒட்டியிருந்தது. அரை நாளுக்கு அறுநூறு. கூப்பிட்டேன்.

“எங்கீங்க போகோணும்?”

“கவுண்டம்பாளையத்துல கார் எடுத்து வடவள்ளியில விடணும்.”

“யாரு வண்டிங்க?”

“என்னோடது. புதுசா வாங்கினது.”

“உங்களுக்கு ஓட்டத் தெரியாதுங்களா?”

“தெரியும்” என்று வைத்துவிட்டேன்.

ரசம் வைத்தேன். உப்புப் போட்டேனா என்று தெரியாமல் இரண்டாவது முறை போட்டேன். முதல் முறையும் போட்டிருந்தேன்.

ஜூன் 14, சனி

வண்டியைக் கழுவி வாசலைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள். நான்கு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம். பானட்டில் சந்தனம்.

“பூஜையை அடிச்சாச்சே” என்றேன்.

“இது என் கணக்குங்க மேடம். எலுமிச்சம்பழம் ஏறாம என் கடையிலிருந்து ஒரு வண்டியும் போனதில்லீங்க.” சாவியைத் தட்டில் வைத்து நீட்டினார். மேகலா செல்போனில் படம் எடுக்கத் தயாராக நின்றாள்.

உட்கார்ந்தேன். கண்ணாடியைத் திருப்பினேன். இருக்கையை முன்னால் இழுத்தேன். மறுபடி கண்ணாடி. பிறகு திருத்த ஒன்றும் இல்லை.

முதல் முறை என்ஜின் நின்றது. இரண்டாவது முறை துள்ளி நின்றது. மூன்றாவது முறை பின்னால் போனது. ஒரு எலுமிச்சம்பழமும் நசுங்கவில்லை. மேகலா போனை மெல்லக் கீழே இறக்கினாள். திருமூர்த்தி சன்னல் பக்கம் குனிந்தார். டிரைவரைக் கூப்பிடுவாரென்று நினைத்தேன். கூப்பிட்டால் ஒப்புக்கொண்டிருப்பேன். இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

“மேடம்,” என்றார், “பத்து நாளா என்னைய ஒரு வரி விடாம ஓட்டுனீங்க. இது வண்டிதானுங்களே.”

கோபம் வந்தது. நான்காவது முறை வண்டி நகர்ந்தது. நான்கும் நசுங்கின, நான்கையும் கேட்டேன்.

கவுண்டம்பாளையத்திலிருந்து வடவள்ளி ஏழு கிலோமீட்டர். ஐம்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. என்ஜின் ஆறு முறை நின்றது. பல ஹார்ன்கள். அதில் ஒன்று என்னுடையது, கை பட்டு. இடையர்பாளையம் பிரிவில் வண்டி நடுவில் நின்றபோது பின்னால் ஒரு டவுன் பஸ். கண்ணாடியில் பார்த்தேன். பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர், அதன்மேல் வெள்ளைச் சட்டை, மூன்று பேனா. இடது கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தார். நான் கிளம்பும் வரை கை இறங்கவில்லை. அவர் எங்கிருந்து வருகிறார் என்று அதன் பிறகுதான் யோசித்தேன். கடை வாசலிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார்.

“டெலிவரி சார்ஜ் தரமாட்டேன்” என்றேன். முதலில் வந்த வாக்கியம் அதுதான்.

“யாருங்க கேட்டாங்க? எனக்கு வீட்டுக்குப் போற வழிங்க இது.”

அவர் வீடு துடியலூர். நேர் எதிர்த் திசை. ரசீதில் வீட்டு விலாசமும் இருக்கிறது.

மோர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். “கிளட்ச்சை இப்படி மிதிச்சீங்கன்னா ஒரு வருசத்துல மாத்தோணும் மேடம். நம்ம கடைக்கே வந்துருங்க, லேபர் கொறச்சுத் தர்றனுங்க.”

“எவ்வளவு?”

“பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டீங்க” என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. குளித்துவிட்டு சன்னல் வழியாக வண்டியைப் பார்த்தேன். இரண்டு முறை. சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க.

ஜூன் 15, ஞாயிறு

காலை ஐந்தே முக்காலுக்குப் பால் வாங்கப் போனேன், காரில். பூத் தெருமுனையில்தான் இருக்கிறது, நடந்தால் மூன்று நிமிடம். நாளை கல்லூரி. அதற்கு முன் ஒரு முறை ஓட்டுவது அறிவுடைமை.

பூத் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. நிறுத்த இடமில்லை. திரும்பவும் இடமில்லை, எனக்குத் தேவைப்படும் அளவுக்கு இல்லை. நேராகப் போனேன். மருதமலைச் சாலை ஏறிவிட்டது. திரும்ப இடம் தேடிக்கொண்டே போனேன். முதலில் உண்மையாகவே தேடினேன். கல்வீராம்பாளையம் பிரிவு தாண்டியதும் அகலமான இடம் ஒன்று வந்தது. அதைப் பார்த்தேன். மூன்றாவது கியர் போட்டிருந்தேன், மூன்றாவதில் முனகல் இல்லை. அதை இறக்கி மாற்ற மனமில்லாமல் கடந்து போனேன்.

மலை அடிவாரம் வரை போய்விட்டேன். படி ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன், சற்றுக் கோணலாக. மேலே மேகம் இறங்கியிருந்தது. சன்னலை இறக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தாரிணிக்குப் படம் அனுப்பலாம் என்று நினைத்தேன். தூங்கட்டும்.

ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் வந்தார். வண்டி எண்ணைப் பார்த்து எழுதினார்.

“பார்க்கிங் முப்பது ரூபாங்க மேடம்.”

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொடுத்தேன்.